இன்னாசி எதையும் எறிந்ததில்லை

கேட்டுவிட்டு "கட்டுக்கதை" என்று யாரும் சொல்ல வேண்டாம். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதும் அசோகன் இன்றைக்கும் இருக்கிறார். வீடு தண்டையார்பேட்டையில். குடிப்பழக்கம் கிடையாது. சாமியே கும்பிடாத மனிதர். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவருக்குத்தான் இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. ராயபுரத்தில், உச்சி வெயிலில், சன்னலுக்கு வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போகிற நேரத்தில் நடந்தது.

தெருவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. குழந்தைகள் இருக்கிறார்கள்.

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள் இருந்தது. படகுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துப் பெயர் எழுதி முடித்தாயிற்று. கை சும்மா இருக்கிறதே என்று, அசோகனும் அவருடைய கூட்டாளி யாசினும் வீடு ஒழித்து வெள்ளையடிக்கும் வேலை ஒன்றை ஒப்புக்கொண்டார்கள்.

காலை 11.10. வாசலில் கிறிஸ்டினா சாவியோடு நின்றிருந்தார். செத்துப்போன இன்னாசியின் தங்கை மகள். இன்னாசி துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் தனியாக இருந்தார். மே ஒன்பதாம் தேதி தூக்கத்திலேயே போய்விட்டார்.

"உள் ரூம்புல கீறத எல்லாத்தையும் எறிஞ்சிடுங்கண்ணே. ஒண்ணு வுடாம" என்றார் கிறிஸ்டினா.

"நீ வரலியாம்மா?"

"இல்லண்ணே. எனக்கு கொமட்டும்." சாவியைக் கொடுத்தார். "மாமா எதையும் எறிய மாட்டாரு. எதையுமே."

அவர் வேலைக்குப் போய்விட்டார். இவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

முன்னறையில் ஒன்றுமில்லை. ஒரு கட்டில், மாதா படம், பழைய மின்விசிறி. உள் அறைக் கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. எலி செத்த வாடை இல்லை, சாக்கடையும் இல்லை. ரொம்ப நாள் கட்டி வைத்த காயத்தைப் பிரித்தால் வருமே, அது. அதற்கு மேல் சிக்குப் பிடித்த எண்ணெய் நாற்றம்.

மூன்று சுவரிலும் இரும்பு அலமாரிகள். தரையிலிருந்து கூரை வரைக்கும் பாட்டில்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, பிஸ்கட் டப்பா. ஒவ்வொன்றிலும் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி. அதில் பேனாவால் அழகாக, இடது பக்கம் சாய்ந்த எழுத்து.

யாசின் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே மஞ்சளாக, பிறை பிறையாக ஏதோ பாதி வரைக்கும் கிடந்தது. குலுக்கினால் உலர்ந்த அரிசி போலச் சத்தம்.

"இன்னா மாமு இது? வத்தலா?"

அசோகன் எழுத்தைப் படித்தார். 'நகம். இடது கால். 1994.'

யாசின் பாட்டிலைக் கீழே வைத்தார். கையை லுங்கியில் துடைத்தார். துடைத்துவிட்டு அந்த லுங்கியையே அருவருப்பாகப் பார்த்தார்.

எல்லாம் அதுதான். நகம். கால், கை, வருஷம் வாரியாக நகம். எண்ணெயோடு உருட்டி வைத்த தலைமயிர் உருண்டைகள். தொட்டால் விரலில் ஒட்டியது. குதிகாலில் உரித்த தோல், அப்பளம் போல அடுக்கடுக்காக. புண் ஆறி உதிர்ந்த பொருக்குகள் ஒரு குங்குமச் சிமிழில். கைக்குட்டைகள் இஸ்திரி போட்டு மடித்திருந்தன. துவைக்காமல். விரித்தபோது கோழை மொடமொடவென்று உடைந்து யாசினின் பாதத்தில் கொட்டியது.

யாசின் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

"கலீஜு புட்ச்சவன்!" என்றார் திரும்பி வந்து. கண்ணில் தண்ணீர். "எவனாச்சும் மயிர சேத்து வெப்பானா மாமு?"

அசோகன் ஒரு சாக்கை விரித்தார். அவர் வீட்டு பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. மனைவி தனபாக்கியம் புற்றுநோயில் படுத்திருந்தபோது தலையணையில் கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடி. அவள் போய் நாலு வருஷம் ஆகியும் அதை அவர் எறியவில்லை. யாசினுக்கு அது தெரியாது.

மனைவி போனபிறகுதான் அசோகன் புத்தர் பக்கம் போனார். பெரம்பூரில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் பத்துப் பேர் கூடுவார்கள். உடம்பை முப்பத்திரண்டு கூறாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல், சதை... அப்படியே கோழை, சீழ், மூத்திரம் வரைக்கும். ஒவ்வொன்றுக்கும், "இது என்னுடையது அல்ல. இது நான் அல்ல." கண்ணை மூடிச் சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பட்டியலே பாட்டிலில் அடைத்து எதிரே நின்றது. எது இவருக்கு 'நான் அல்ல' என்று சொல்லிக் கொடுத்ததோ, அதையே இன்னாசி 'நான்' என்று மூடி போட்டு வைத்திருந்தார்.

12.25. பாதி அலமாரிகளைக் காலி செய்து சாக்குகளில் கட்டிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோப்பு போட்டு மூன்று தடவை கை கழுவியிருந்தார்கள். பிரியாணி. நாலாவது வாயில் அசோகனின் பல்லுக்கு இடையில் ஏதோ சிக்கியது. எலும்புத் துணுக்கு என்று நினைத்தார். எடுத்துப் பார்த்தார்.

நகம்.

அலமாரியில் இருந்தவை எல்லாம் காய்ந்து மஞ்சளானவை. இது வெள்ளையாக, மெத்தென்று, ஈரமாக இருந்தது. ஓரத்தில் அழுக்கு. அப்போதுதான் வெட்டியது.

அசோகன் பொட்டலத்தை மூடினார். யாசினிடம் சொல்லவில்லை.

1.05. யாசின் முதல் லோடை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். குப்பைமேட்டில் கொட்டினால் நாய் கிளறும் என்று, கடற்கரையில் வைத்துக் கொளுத்துவதாகப் பேச்சு. "அரை அவருல வந்துர்றேன்" என்றார்.

அசோகன் தனியாக உள் அறைக்குப் போனார்.

1.20. கரண்ட் போனது. முன்னறை மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. தெருவில் மீன்காரி, "வஞ்சிரம்... நெத்திலீ..." என்று கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தேய்ந்ததும் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

பல்லி என்று நினைத்தார்.

டிக்... டிக்...

முதுகுக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கிலிருந்து.

டிக்... டிக்.

நின்றுவிட்டது. மொத்தம் ஐந்து. அசோகன் மூச்சு விடாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஒன்று... இரண்டு... மூன்று... நாலு... ஐந்து. மறுபடி அமைதி. ஒரு கைக்கு ஐந்து விரல் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

குனிந்து இடுக்கில் பார்த்தார். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. மேலே ஒரு நகவெட்டி, ஒரு பேனா, ஒரு பிளாஸ்திரிச் சுருள். பக்கத்தில் ஐந்து நகத் துண்டுகள். வெள்ளை. ஈரம். பெருவிரல் நகத்தில் துளி சதையும் ஒட்டியிருந்தது.

செய்தித்தாளுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில். மூடி திறந்திருந்தது. பிளாஸ்திரியில் மை இன்னும் பளபளத்தது.

'நகம். வலது கை. ஜூன் 2024.'

இன்னாசி செத்தது மே மாதம்.

1.32. அசோகன் கிறிஸ்டினாவுக்குப் போன் போட்டார்.

"யம்மா... இந்த வூட்டுல வேற யாராச்சும் தங்குறாங்களா?"

"யாரும் இல்லியேண்ணே. சாவி இவ்ளோ நாளும் எங்கிட்டதான இருந்திச்சி. ஏன்?"

"இல்ல... உங்க மாமா வலது கை நகம்னு ஒரு பாட்டில். இந்த மாசத் தேதி போட்டுகீது."



"எந்தக் கைண்ணே?"

"வலது."

"மாமாவுக்கு வலது கையே கெடையாதுண்ணே." குரல் சின்னதாகிவிட்டது. "எண்பத்தொண்ணுல விஞ்சு ரோப்புல மாட்டி, முழங்கையோட போய்டுச்சி. ஆஸ்பத்திரில வெட்டுன கைய எங்கிட்ட குடுங்கன்னு தரையில வுழுந்து அழுதாராம். குடுக்கல. எரிச்சிட்டாங்க. அதுலேர்ந்துதான் அவரு எதையும்..."

லைன் அறுந்தது.

அசோகன் அலமாரியைப் பார்த்தார். 'வலது கை. 1982.' 'வலது கை. 1990.' 'வலது கை. 2003.' வரிசையாக. பாட்டில் நிறைய. இல்லாத கைக்கு நாற்பத்து மூன்று வருஷத்து நகம். இன்னொன்றும் தோன்றியது. ஒற்றைக் கையோடு இருந்த மனிதர்... அந்த இடது கையின் நகத்தை எந்தக் கையால் வெட்டினார்?

போதும் என்று சாக்கைத் தூக்கினார்.

சாக்கு வரவில்லை.

கனம் இல்லை. யாரோ பிடித்திருந்தார்கள்.

அசோகன் குனிந்து பார்த்தார். சாக்கின் வாயில் அவருடைய வலது கை. அதன் விரல் இடுக்குகளில் வேறு விரல்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. தோலுக்குத் தெரிந்தது. சில்லென்று இருக்கும் என்பார்களே... இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுவென்று. கட்டுத் துணிக்குள் ரொம்ப நாள் ஊறிய கை போல. நகம் வெட்டிய சொரசொரப்பு அவர் புறங்கையில் மெல்ல ஊர்ந்தது.

சீழ் நாற்றம்.

நாலு வருஷப் பழக்கத்தில் வாய் தானாக முணுமுணுத்தது.

"இது என்னுடையது அல்ல... இந்தக் கை என்னுடையது அல்ல..."

காதோரம் ஈர மூச்சு.

"அப்போ... என்னுது."

வலது கை மரத்துப்போனது. தோளிலிருந்து தொங்கியது. பார்த்தார். பதினேழு வயதிலிருந்து பிரஷ் பிடித்த கை. காசிமேட்டில் பாதிப் படகுக்குப் பெயர் வைத்த கை. அது யாருடையதோ போல இருந்தது. அவர் அசைக்காமலே அது அசைந்தது.

கீழே போனது.

பேனாவை எடுத்தது.

ஒரு பிளாஸ்திரித் துண்டில் எழுதியது. அசோகன் எழுத்து செங்குத்தாக நிற்கும். இது இடது பக்கம் சாய்ந்திருந்தது.

'வலது கை. என்னுது.'

எழுதியது போதாதென்று, பேனாவைப் போட்டுவிட்டு விரல்களை விரித்துக்கொண்டது. காத்திருப்பது போல.

டிக்.

சுண்டு விரலில் சுரீரென்றது.

டிக்.

ரத்தம்.

இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. எலும்பு நெரிந்தது. டிக்... டிக்... அப்போதுதான் அவருக்கு ஒன்று பட்டது. இழுத்தால் 'என்னுது' என்று ஆகிவிடும். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டிக்.

இழுப்பதை விட்டார்.

கையை அப்படியே வைத்தார். பிரியாணி தொண்டைக்கு வந்து சட்டையில் வழிந்தது. அதோடே பேசினார். பெரம்பூரில் கற்றுக்கொண்ட வார்த்தை எதுவும் வரவில்லை. வீட்டு வார்த்தைதான் வந்தது.

"என்னுது இல்ல நைனா... சரி. ஆனா உன்னுதும் இல்ல. யாருதும் இல்ல. உன் கை எண்பத்தொண்ணுலயே எரிஞ்சி பூட்ச்சி. எம் பொண்டாட்டி முடிய நானுந்தான் வெச்சிகினு கீறேன். அவ அதுல இல்ல நைனா... நான் மோந்து பாத்துட்டேன். அவ இல்ல. வுட்ரு. நானும் வுட்டுர்றேன்."

அமைதி.

அவரைப் பிடித்திருந்த கையின் சுண்டு விரல் விலகியது.

பிறகு மோதிர விரல்.

நடு விரல்...

ஆள்காட்டி விரல்...

பெருவிரல் மட்டும் விடவில்லை. அவர் மணிக்கட்டை மெல்லத் தடவியது. நாடியைத் தேடுவது போல. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அசோகன் இழுக்கவில்லை.

விட்டது.

1.51. கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது.

1.55க்கு யாசின் திரும்பி வந்தார். அசோகன் வாந்தியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் விரித்து வைத்திருந்தார். ஐந்து விரலிலும் நகம் இல்லை. அடிச்சதை வரைக்கும் வெட்டியிருந்தது. கீழே செய்தித்தாளில் துளித் துளியாக ரத்தம்.

"யா அல்லா... இன்னா மாமு பண்ணிகின?"

"நான் பண்ணல" என்றார் அசோகன். "தூக்கு. எல்லாத்தையும் தூக்கு."

மீதி இருந்த பாட்டில்களை இரண்டு நடையில் ஏற்றினார்கள். அசோகன் இடது கையால் தூக்கினார். சாயங்காலம் 5 மணிக்கு, காசிமேட்டில் பழைய படகு உடைக்கும் இடத்துக்குப் பின்னால் டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். மயிரும் நகமும் எரிகிற நாற்றம் தெரியும் அல்லவா? நாற்பத்து மூன்று வருஷத்து மயிரும் நகமும் எரிந்தன. தூரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு திட்டினார்கள். கொழுப்பு போல ஏதோ உருகி மணலில் ஓடியது. நாய்கள்கூடக் கிட்டே வரவில்லை.

தீ இறங்கும் நேரத்தில் அசோகன் வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். யாசின் என்னவென்று கேட்டார். அசோகன் சொன்னார். யாசின் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியாக ஒரு தடவை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று அசோகனுக்கு ஆசை வந்தது. முகர்ந்தார். அவளுடைய தேங்காயெண்ணெய் வாசனை இல்லை. சிக்கு நாற்றம். அந்த உள் அறையில் அடித்த அதே நாற்றம். அவருக்கு உடம்பு கூசியது. அழுகையும் வந்தது. பையைத் தீயில் போட்டார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அசோகன் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

ஜூன் 18. இன்னாசியின் நாற்பத்தோராம் நாள். பூசை முடிந்து கல்லறையில் கூடியிருந்தார்கள். சிலுவையில் பெயர் எழுத வேண்டும் என்று கிறிஸ்டினா அசோகனை வரச் சொல்லியிருந்தார். விரல்களில் கட்டு. அளவு மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். அந்த அறையில் நடந்ததை அவர் கிறிஸ்டினாவிடம் சொல்லவில்லை. "பாட்டிலு தப்பா படிச்சிட்டேன்மா" என்று முடித்துவிட்டார்.

சாவு வீட்டில் எடுத்த போட்டோக்களை ஸ்டுடியோக்காரர் அன்றைக்குத்தான் கொடுத்திருந்தார். பிறந்த தேதி, இறந்த தேதியோடு நினைவு அட்டை போட ஒரு படம் தேர்ந்தெடுக்கலாம் என்று கிறிஸ்டினா ஆல்பத்தைப் புரட்டினார். பக்கத்தில் வியாகுலம்மாள் நின்றிருந்தார். அந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் குளிப்பாட்டி உடுத்தி விடுவது அந்தம்மாதான்.

ஒரு படத்தில் வியாகுலம்மாள் கையை வைத்துப் பக்கத்தை நிறுத்தினார்.

"இது இன்னாடி?"

கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் இன்னாசி. நெஞ்சின் மேல் செபமாலை. அதைக் கோர்த்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு கை.

"நான்தானடி குளிப்பாட்டுனேன்" என்றார் வியாகுலம்மாள். "ஒத்தக் கைதான இருந்திச்சி. வலது பக்கம் சட்டைக் கைய மடிச்சி ஊக்கு குத்துனதே நான்தான்."

கிறிஸ்டினா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதில் கிறிஸ்டினாவே இருந்தார். பெட்டியின் மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, மாமாவின் கைக்குக் கடைசி முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வியாகுலம்மாள் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கிறிஸ்டினாவைப் பார்த்தார்.

"எந்தக் கைக்குடி குடுத்த?"

கிறிஸ்டினா முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தார்.

மறுபடியும் துடைத்தார்.